சோறில்லா வெள்ளி

ராமசுப்பிரமணியனைப் போல அரசாங்கத்துக்குப் பயந்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. பொலிஸ்காரனைக் கண்டால் பயப்படுகிறவர்கள் உண்டு. வரி அதிகாரியைக் கண்டால் பயப்படுகிறவர்களும் உண்டு. இவர் அரசாங்கம் சட்டம் அச்சடிக்கிற கெசட்டுக்கே பயப்படுவார். புதிய கெசட் வந்திருக்கிறது என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் போதும், கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றுவிடுவார்.

அவருடைய கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. குமரவேள் விலாஸ் என்று பெயர். சைவ உணவுச்சாலை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கிணறும் துவைக்கிற கல்லும். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். அரைக்கால் சட்டை போட்ட வயதில் மாமனுடைய கடைக்கு இலை துடைக்க வந்தவர், மாமன் போன பிறகு அதே கடைக்கு முதலாளி ஆனார். கொழும்பில் நாற்பது வருஷம் இருந்தும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கடைப் பலகையில் முதல் வேலையாகச் சிங்கள எழுத்தைப் பெரிதாக எழுதி, தமிழை அதன் கீழே சின்னதாக்கியவர் இவர்தான். அந்தச் சட்டம் அரசாங்க அலுவல் நடக்கிற கந்தோர்களுக்கு, கடைகளுக்கு இல்லை என்று படித்தவர்கள் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள்.

“இன்னிக்கு இல்ல. நாளைக்கு வரும்லா. வந்த பொறவு எழுதினா பயந்து எழுதினதாப் போயிரும்” என்றாராம்.

அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வந்ததும் அண்ணாச்சி இந்த நாட்டில் ஒரு விருந்தாளி ஆகிவிட்டார். வருஷா வருஷம் போய் வரிசையில் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று அனுமதி வாங்கி வரவேண்டும். கடை இங்கே, மனைவி பகவதியம்மா பிறந்ததும் கொட்டாஞ்சேனையில். இருந்தாலும் அவர் இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். பிரஜாவுரிமை கேட்டு ஒரு மனுவும் போட்டிருந்தார். அது எத்தனையோ மேசை மாறி ஊர்ந்துகொண்டிருந்தது. வழக்கு, தண்டம் என்று பெயரில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது, இருந்தால் மனுவும் போய்விடும், அனுமதியும் போய்விடும் என்று ஒரு அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அண்ணாச்சி தெருவில் எச்சில் துப்புவதைக்கூட விட்டுவிட்டார்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். நோபேட். கத்தோலிக்கன். காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சைவக் கடையில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பது எங்கள் அம்மா மாக்ரெட் வீட்டில் போட்ட சட்டம். மீன் தின்னலாம். ஆனால் கடைக்காரன் மீனுக்கும் இறைச்சிக்கும் ஒரே கரண்டியைத்தான் போடுவான் என்பது அம்மாவின் கட்சி. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் சைவக் கடை. அரசாங்கச் சட்டம் எத்தனையோ மாறிவிட்டது, அம்மாவின் சட்டம் மாறியதே இல்லை.

கடையில் என் மேசையிலிருந்து நான் பார்த்த வரையில், எழுபதுகளில் அண்ணாச்சியின் சமையலறையை நடத்தியது அண்ணாச்சி அல்ல, மந்திரிமார். உழுந்து இறக்குமதி இல்லை என்றார்கள், தோசையும் வடையும் போயின. பருப்பு இல்லை என்றார்கள், சாம்பாரில் பூசணிக்காய் கரைந்தது. செத்தல் மிளகாயை நகை மாதிரிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். நாட்டைச் சொந்தக் காலில் நிறுத்துகிறோம் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. நாடு நின்றதோ என்னவோ, பாணுக்குப் பேக்கரி வாசலில் விடியற்காலையிலிருந்து நாங்கள்தான் நின்றோம்.

அண்ணாச்சி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். குரக்கன் மாவில், அதாவது கேழ்வரகில், தோசை ஊற்றிப் பார்த்தார். அது கறுப்பாக, விளிம்பு விறைத்துக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, இது தோசையா, கூரை ஓடா?” என்று கேட்டேன்.

“இது சட்டப்படியான தோசை தம்பி. சாப்பிடுங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அதற்குப் பிறகுதான் தலையில் இடி விழுந்தது. அவசரகாலச் சட்டம் நடந்த காலம் அது, எதையும் ஒரு கெசட்டில் போட்டுவிடலாம். செவ்வாயும் வெள்ளியும் உணவுச்சாலைகளில் சோறு பரிமாறக்கூடாது என்று போட்டார்கள். அரிசியை மிச்சம் பிடிக்கிறார்களாம். வாரத்தில் ஏழு நாள் இருக்க, தேடிப்பிடித்தது செவ்வாயும் வெள்ளியும். சைவக் கடைக்குக் கூட்டமே அந்த இரண்டு நாளில்தான். மற்ற நாளில் மீன், இறைச்சி என்று மச்சம் தின்கிறவன்கூட அன்றைக்குச் சைவம். எங்கள் மேல் கோபத்தில் போட்டார்கள் என்று கடைக்குள் சிலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் எந்தக் கிழமை என்ன தின்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கோபம் என்றாலும் ஒருநாள் ஆறும், இதற்கு என்ன செய்வது?

அண்ணாச்சி அந்தச் சட்டத்துக்கும் ஒரு முறை கண்டுபிடித்தார். செவ்வாய், வெள்ளி விடிந்தால் சோறு வடிக்கிற பெரிய அண்டாவைக் கழுவி, கொண்டுவந்து, கடைவாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பலகைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். உணவு இன்ஸ்பெக்டர் பதினொரு மணிபோல வருவார். அமைதியான மனிதர், வெள்ளைக் காற்சட்டை, சைக்கிள். வந்து, பேனையால் அண்டாவின் முதுகில் டங் என்று ஒரு தட்டு.

“பத் நே நேத, முதலாளி?” சோறு இல்லைத்தானே என்பார்.

“நே மாத்தயா.” இல்லை ஐயா என்பார் அண்ணாச்சி, எழுந்து நின்று.

அவ்வளவுதான் சோதனை. ஆனால் வீட்டுக்குள் பகவதியம்மா வாரத்தில் இரண்டு நாளும் அழாத குறை. சோறு வடிக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து வாசலில் வைப்பது சாவு வீட்டுக் காரியமாம்.

“கவுத்த பானை இருக்கிற வீட்டில லெச்சுமி எப்பிடித் தம்பி நிப்பா? நீங்களாவது சொல்லுங்க” என்று என்னிடம் முறையிடுவார்.

நான் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. லெச்சுமி போனால் வருவாள், இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போன பெயர் திரும்பி வருமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எழுபத்துநான்காம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் அண்ணாச்சி மொட்டைத் தலையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, கதிர்காமத்துக்கு நேர்த்தி என்றார். மனு சீக்கிரம் தீரவேண்டும் என்று வைத்த நேர்த்தியாக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நேர்த்தி பலித்த மாதிரித்தான் இருந்தது. ஆவணியில் விசாரணைக்கு வரச்சொல்லி அவருக்கு அழைப்பும் வந்துவிட்டது. இத்தனை வருஷக் காத்திருப்பு ஆவணியோடு முடியப்போகிறது என்று பகவதியம்மா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். அந்தக் காலத்தில் கற்கண்டு கொடுப்பது பவுன் கொடுப்பதற்குச் சமம்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது.

எனக்கு இதெல்லாம் அந்தக் கடையில் இருந்து பழகியதுதான். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம் அது. காலையில் கடலில் முழுகி, தகப்பன் பெயரில் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகு ஒரேயொரு நேரம், பல கறியோடு சோறு சாப்பிடவேண்டும். வெள்ளவத்தை, கிருலப்பனை, ஹெவ்லொக் டவுன் பக்கமெல்லாம் அறை எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக் கிளறிக்கல்மார், கந்தோர் எழுத்தர்கள், அதற்கு அண்ணாச்சி கடைக்குத்தான் வருவார்கள். அறையில் அடுப்பு மூட்ட வீட்டுக்காரி விடமாட்டாள், ஊருக்குப் போக லீவு கிடையாது. அந்தச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். வாயில் வைக்க முடியாத கசப்பு. திருநெல்வேலியில் அப்படியொன்று இல்லை என்றாலும், பிள்ளைகள் கேட்கிறார்களே என்று வருஷா வருஷம் அண்ணாச்சி அதை வடக்கிலிருந்து ரயிலில் வரவழைப்பார்.

ஒரு வாரம் முன்னதாகவே தந்திக் கந்தோரில் வேலை செய்த சபாநாதன் பேச்சை எடுத்தான். அவன் மற்றவர்களுக்காகவும் கேட்டான்.

“அண்ணாச்சி, வாற வெள்ளி அமாவாசையெல்லோ. சோத்துக்கு என்ன செய்யப்போறியள்?”

“வெள்ளிக்கிழமைலா தம்பி. கறி அத்தனையும் வைக்கேன். காத்தோட்டிக்காய் வந்திருக்கு. சோறு மட்டும் இல்ல.”

“சோறில்லாமல் என்ன அமாவாசை? காகம் மரவள்ளிக்கிழங்கு தின்னுமே?”

“காகத்துக்கு வீட்டில அவ ஒரு பிடி வடிச்சுத் தருவா. அது வீடு. வீட்டுக்குச் சட்டம் இல்ல.”

“அப்ப எங்களுக்கும் வீட்டுக்குள்ளை இலையைப் போடுங்கோவன். அண்டைக்கு நாங்கள் உங்கடை வீட்டுக்கு வந்த ஆக்கள்.”

அண்ணாச்சி இதை ஏற்கனவே யோசித்து, ஒரு புறக்டரிடம் போய்ச் சட்டம் கேட்டுக்கொண்டும் வந்திருக்கிறார். கடைக்கும் வீட்டுக்கும் மாநகரசபை கொடுத்திருந்தது ஒரே இலக்கம். ஒரே இலக்கம் என்றால் சட்டத்துக்கு அது ஒரே இடம். பின்கட்டில் போட்டாலும் கடையில் போட்டதுதான்.

“ஒரு நாள்தானே அண்ணாச்சி” என்றான் சபாநாதன்.

“ஒரு நாள்தான். அடுத்த மாசம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க தம்பி. நாற்பது வருசம் ஒழுங்கா இருந்தவனா, ஒரு நாள் சோறு போட்டவனான்னு பார்ப்பாங்க.”

சபாநாதனும் விட்டுவிட்டான்.

அமாவாசையன்று மத்தியானம் நான் போனபோது அண்டா வழக்கம்போல வாசலில் கவிழ்ந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை என்றார்கள். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது, இனி அடுத்த செவ்வாய்தான் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். எல்லோருக்கும் கடலில் முழுகிய ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு. வாழை இலை போட்டாயிற்று. வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், கீரை, பொரித்த காத்தோட்டிக்காய் என்று இலையைச் சுற்றிக் கறி. நடுவில் சோறு இருக்கவேண்டிய இடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. ஒருவரும் கை வைக்கவில்லை. காகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே அண்ணாச்சி நின்றார். ஈர வேட்டி, ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. கையில் இலைத்துண்டு, அதில் ஒரு பிடி சோறு. மதிலில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து கைகூப்பினார். வெள்ளவத்தைக் காகங்களுக்கு யாரும் கா கா என்று அழைப்பு விடுக்கத் தேவையில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலைந்து வந்து சோற்றை அள்ளிக்கொண்டு போயின.

இவர் ஏன் படைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய தகப்பன் ஊரில் உயிரோடு இருப்பதாகத்தான் நான் அறிந்திருந்தேன். கிணற்றடியில் நின்ற பகவதியம்மாவைப் பார்த்தேன்.

“ஊர்ல இவங்க அப்பா, எங்க மாமா, மாசியில போயிட்டாங்க தம்பி” என்றார் தாழ்ந்த குரலில். “ஊருக்குப் போனா திரும்பி உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு போகல. மனு இருக்குல்ல. ஆருட்டயும் சொல்லாதேன்னுட்டாங்க. அப்பன் சாவுக்குப் போகாத பயன்னு பேசுவாங்கன்னு.”

அந்த மொட்டை கதிர்காமத்து மொட்டை அல்ல. மாதக்கணக்காக வாரம் தவறாமல் முகத்துக்கு நேரே பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நான் நினைத்திருந்தவர் அதை எப்படித்தான் சொன்னாரோ.

அண்ணாச்சி முன்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். வாசற்படியில் நின்று இலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். காகம் எடுத்துவிட்டதா என்று சபாநாதன் கேட்டான்.

“எடுத்துட்டு” என்றார். பிறகு, “காகம் சோறு தின்னுட்டுப் போவுது. அதுக்கு வெள்ளிக்கிழமை இல்ல, கெசட்டு இல்ல. தகப்பன் இல்லாத பிள்ளைங்க நீங்க கிழங்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க” என்றார்.

சொல்லிவிட்டு நேரே வாசலுக்குப் போய் அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தினார். பகவதியம்மா ஓடிவந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாங்க. அடுத்த மாசம் கூப்பிட்டிருக்காங்க.”

“அடுப்பை எரி.”

“இத்தனை வருசம் காத்திருந்துட்டு...”

“அடுப்பை எரி பகவதி. இன்னிக்கு நான் கடைக்காரன் இல்ல.”

நாளைக்கென்று வைத்திருந்த அரிசி அத்தனையும் உலையில் விழுந்தது. கடையின் பலகைக் கதவுகளைச் சாத்தினார்கள். சோறு கொதிக்கிற வாசம் எழுந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கோயிலில் இருக்கிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி தானே எல்லோருக்கும் பரிமாறினார். ஓரமாக நின்ற என்னைப் பார்த்து, “உங்க அப்பா இருக்காங்களா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை. அறுபத்தொன்பதில் மோசம் போயிட்டார். துறைமுகத்தில வேலை செஞ்சவர்.”

“அப்ப என்ன நிக்கீங்க? உட்காருங்க.”

நான் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் கடைசி இலை அவருக்கு. அந்தக் கடையில் அவர் வாடிக்கைக்காரரோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காத்தோட்டிக்காயைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கசப்பில் முகம் சுருங்கவில்லை. கண்ணில் நீர் இறங்கியது, துடைக்கவும் இல்லை.

அப்போதுதான் கதவில் தட்டுக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அன்றைக்குத் தனியாக வரவில்லை, கூட ஒரு பொலிஸ்காரர். வாசலில் அண்டா இல்லாததைக் கண்டிருக்கிறார். உள்ளே வந்து, இருபது இலையையும் சோற்றையும் பார்த்து அப்படியே நின்றார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சியிடமிருந்து அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

யாருடைய அரிசி இது என்று சிங்களத்தில் கேட்டார்.

சபாநாதன் கெட்டிக்காரன். எச்சில் கையோடு எழுந்து, தந்திக் கந்தோர்ச் சிங்களத்தில் மடமடவென்று சொன்னான். அரிசி எங்களுடையது ஐயா. எங்கள் கூப்பனுக்கு அரசாங்கம் தந்த அரிசி. இன்றைக்குச் செத்துப்போன தகப்பன்மாருக்குச் சோறு வைக்கிற நாள், ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து கொடுத்தோம். முதலாளி நெருப்பு மட்டும்தான் தந்தார். அவர் விற்கவும் இல்லை, பரிமாறவும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்களும் “ஔ மாத்தயா, ஔ”, ஆமாம் ஐயா ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

இன்ஸ்பெக்டர் பேனையைச் சட்டைப் பையில் செருகினார். அதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பொலிஸ்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பி, “எஹெமத, முதலாளி?” என்று கேட்டார். அப்படியா என்று. ஆம் என்று சொல்லித் தொலை, நான் போகிறேன் என்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி.

அண்ணாச்சி எழுந்து நின்றார். கையில் சோறு. ஒரு ‘ஔ’ போதும். அரசாங்கம் சொன்னதற்கெல்லாம் வாழ்நாள் முழுக்க ‘ஔ’ சொன்ன மனிதர்.

“நே மாத்தயா” என்றார். “ஹால் மகே.”

இல்லை ஐயா, அரிசி என்னுடையது.

இன்ஸ்பெக்டர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். பொலிஸ்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேனை பையிலிருந்து வெளியே வந்தது. எழுதுகிறபோது இன்ஸ்பெக்டரின் முகத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கவலை. அவரும் சம்பளக்காரர்தானே, அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

வழக்கு நடந்தது, தண்டம் விதித்தார்கள், கடை உரிமத்தை நிறுத்தினார்கள். ஆவணி விசாரணையில் அதிகாரி முதலில் கேட்டதே அந்த வழக்கைத்தானாம். மனு தள்ளுபடி ஆயிற்று. வதிவிட அனுமதியும் இனி நீடிக்கப்படாது, கடையை விற்று ஒழுங்குசெய்துகொள்ள அவகாசம், அதற்குள் தாயகம் திரும்பவேண்டும் என்று வந்தது.

“நான் பார்க்காத ஊருக்குத் திரும்பிப் போறேனாம் தம்பி” என்றார் கொட்டாஞ்சேனையில் பிறந்த பகவதியம்மா. அவ்வளவுதான் அவர் சொன்னது. அண்ணாச்சியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதாக எனக்குத் தெரியாது.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. சட்டத்தின்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம், அதற்கு முகமா இருக்கிறது? கோபமெல்லாம் அண்ணாச்சிமேல்தான். தேடிவந்த சீதேவியைக் காலால் உதைத்தவர் என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அரிச்சந்திரன் வேஷம் போட ஒரு நேரம் வேண்டாமா? இருபது பேர் அவருக்காகப் பொய் சொன்னோம். கதிர்காமத்துக்கு மொட்டை போட்டேன் என்று கூசாமல் சொன்ன அதே வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது? அவரை நேரில் பார்க்கிறபோது கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் அந்தச் சட்டம் என்ன ஆயிற்று? எழுபத்தேழில் ஆட்சி மாறியது. கப்பல் கப்பலாக உழுந்தும் பருப்பும் வந்து இறங்கின. எந்தக் கிழமையும் எவ்வளவு சோறும் தின்னலாம் என்று ஆயிற்று. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அப்படியொரு கெசட் இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். குமரவேள் விலாஸ் இருந்த இடத்தில் புடவைக்கடை வந்தது, பிறகு எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிந்து, இப்போது மாடி வீடு. மூன்று வருஷம் பொறுத்திருந்தால் அண்ணாச்சி அந்த அண்டாவை நிமிர்த்தியே வைத்திருக்கலாம். சட்டம் போட்டவர்கள் ஒருநாள் சோறு தின்னாமல் இருந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவகாசம் முடிந்த அன்று, இந்தியக் கப்பலுக்குப் போகிற தலைமன்னார் ரயிலில் அவர்களை ஏற்றிவிடக் கோட்டை ஸ்டேஷனுக்கு நானும் சபாநாதனும் போயிருந்தோம். சாமான் அதிகம் இல்லை. இரண்டு தகரப்பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, கோணியால் சுற்றிக் கட்டிய அந்த அண்டா. அதை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்குப் பகவதியம்மா, இதை எந்தக் கடையில் விட்டாலும் கவிழ்த்துத்தான் வைப்பார்கள் என்றார்.

ரயில் புறப்பட நேரம் இருந்தது. சபாநாதன் தண்ணீர் பிடிக்கப் போனான். அண்ணாச்சி சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலையில் மயிர் வளர்ந்து நரைத்திருந்தது. பத்திரங்களை மடியில் கட்டி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். நாட்டைவிட்டுப் போகும்போதும் பயம் போகவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, அண்டைக்கு ஒரு ‘ஔ’ சொல்லியிருந்தா இந்த ரயில் உங்களுக்குத் தேவையில்லை. அந்த மனுசன் பேனையைக்கூட வச்சிட்டார். ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

அவர் மடியில் இருந்த கையை எடுத்துச் சன்னல் கம்பியில் வைத்தார்.

“சொல்லியிருக்கலாம் தம்பி. பிள்ளைங்க எனக்காகத்தான் சொல்லிச்சு, எனக்குத் தெரியாதா? எங்க அப்பாவுக்குக் கொள்ளி வச்சது என் தம்பி. கருமாதி செஞ்சதும் அவன்தான். நான் மூத்தவன். அனுமதி, மனுன்னு இங்கேயே இருந்துட்டேன். அவருக்குன்னு நான் செஞ்சது அந்த ஒரு நேரச் சோறுதான்.”

சன்னல் வழியாக என் பக்கம் குனிந்தார்.

“அதுவும் என் அரிசி இல்லன்னு சொல்லிட்டா, எங்கப்பா அன்னிக்கு யாரு வீட்டுச் சோறு தின்னாரு?”

சபாநாதன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். பகவதியம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்தபடி, புறப்பட்ட ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தேன்.